பினாங்கு வேரும் ஒரு கல் உப்பும்

எங்கள் அத்தா பினாங்கை மொத்தமாக முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, பாலக்கரை வீட்டு வாசலில் வந்து இறங்கிய பெட்டிகளில் பெரிய பெட்டி நிறைய வேர் இருந்தது. கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களை எங்களில் சபுராளி என்போம். சபுராளி வீட்டுப் பெட்டி என்றால் செண்ட்டு, கைலி, பீங்கான் கோப்பை என்று அக்கம்பக்கம் எதிர்பார்க்கும். இந்தப் பெட்டியைத் திறந்ததும் வந்த நெடியில் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். சீவிக் காயவைத்த பட்டை, மஞ்சளும் கறுப்புமாக வேர்த்துண்டுகள், சுருங்கிப் போன சிவப்புப் பழங்கள். வேளைக்கு ஒன்றாகச் சீன எழுத்து அச்சடித்த காகிதத்தில் மடித்துக் கட்டியிருந்தது.

பினாங்கில் அத்தாவின் கடைக்கு அடுத்த கடை சீன மருந்துக் கடை. அத்தாவுக்குத் தலைசுற்றல் கண்டபோது அந்தக் கடைக்காரர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ரத்தம் கொதிக்கிறது என்று சொல்லி மருந்து கொடுத்தாராம். கிளம்பும்போது கூடவே ஒரு பெட்டி கட்டிக் கொடுத்ததும் அவர்தான். "டாக்டருங்க ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் கண்டுபிடிப்பாங்க. அந்த மனுஷன் மூணு விரல்ல சொல்லிட்டாரு" என்பார் அத்தா. குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

நான் அப்போது கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்பு டீச்சர். வீட்டில் நானும் அம்மாவும்தான். அத்தா லீவுக்கு வருவார். அவர் முகம் மனதில் பதிவதற்குள் கப்பலேறிவிடுவார். ஐம்பதுகளின் கடைசியில் அவர் மொத்தமாக வந்து சேர்ந்தபோது, இனிமேல்தான் எனக்கு அத்தா என்று ஒருவர் இருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் என்ன அத்தா பைத்தியம் என்று அம்மா கேலி செய்தாள். செய்யட்டுமே.

ஒரு காலையில் கண்ணாடி முன் நின்று தாடியை ஒதுக்கிக்கொண்டிருந்தவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துண்டை வைத்து அழுத்தினோம். துண்டு நனைந்தது. வேறு துண்டு எடுத்தோம், அதுவும் நனைந்தது. குதிரை வண்டி பிடித்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடம் கொண்டு போனோம். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம். ரத்தத்தை நிறுத்திவிட்டு, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு வேறொரு கருவியைக் கொண்டுவரச் சொல்லி அதிலும் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. மாத்திரை தரேன். தினம் போட்டுக்கணும், விடப்படாது. உப்பைக் குறைச்சுக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நிறுத்திடுங்கோ."

வெளியே வந்ததும் அம்மா முந்தானையை உதறினாள். "இங்கிலீஷ் மருந்துக்கு ஏது புள்ள பத்தியம்? மாத்திரைன்னா முழுங்கிட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதான். அவங்க மீனே திங்காதவங்க, கருவாட்டு மேல அவங்களுக்கு என்ன கோவமோ!" உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொன்னாள். ஆயுசெல்லாம் யார் யாரோ சமைத்ததைத் தின்றுவிட்டு வந்த புருஷனுக்கு, வந்ததும் வராததுமாய் உப்பில்லாத சோறு போடுவதா? அன்றைக்கு ராத்திரியே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

மாத்திரை அத்தாவின் குரலைத்தான் முதலில் தின்றது. மூக்கடைத்துக்கொண்டது. எந்நேரமும் தூக்கம். விழித்திருக்கும் நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். என்ன அத்தா என்றால், "தெரியலம்மா" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் சின்னக் குழந்தை மாதிரித் தேம்பினால் பெற்ற பிள்ளை எங்கே போய் முட்டிக்கொள்வது? பிரஷரும் கொஞ்சம்தான் இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

அப்போதுதான் அம்மா பெட்டியைத் திறந்தாள். மண்சட்டியில் பொட்டலத்தைக் கொட்டி, தண்ணீர் கால்பங்காகச் சுண்டும்வரை காய்ச்சினாள். அந்தக் கறுப்புத் தண்ணீரை அத்தா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "யா அல்லா, என்ன கசப்பு!" என்று முகத்தைச் சுளிப்பார். அம்மா தயாராக வைத்திருக்கும் கற்கண்டை அவர் வாயில் போடுவாள். மாத்திரையும் ஒரு பக்கம் நடந்தது. டாக்டரிடம் வேர் சமாசாரத்தை நாங்கள் மூச்சுவிடவில்லை. சொன்னால் வையப் போகிறார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டோம்.

இங்கேதான் அம்மா, அம்மா மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். பினாங்குச் சீனர் பத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அத்தா அங்கே அந்த மருந்தைக் குடித்துவிட்டுக் கருவாடும் சம்பலும் தின்றவர்தான். ஆனால் அம்மாவுக்கு மாத்திரை வேறு, வேர் வேறு. வேர், பட்டை என்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அது மருந்து; மருந்து என்றால் பத்தியம். சீனாக்காரன் கொடுத்தால் என்ன, சித்த வைத்தியன் கொடுத்தால் என்ன? "பத்தியம் இல்லாத மருந்து பாதி மருந்து" என்று சொல்லி, உப்பு, புளி, கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினாள். டாக்டர் சொல்லிக் குறையாத உப்பு ஜாடி, வேருக்கு மரியாதை செய்து பரணுக்குப் போனது. அத்தாவும் முனகவில்லை. மருந்துக்குக் கட்டுப்படுவது ஆண்மைக்குக் குறைச்சல் இல்லை போலிருக்கிறது. தனக்கும் உப்பில்லாமலே போட்டுக்கொண்டாள் அம்மா. எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாகக் கொஞ்சம் உப்பு.

பிரஷர் இறங்கியது. டாக்டர் காற்றுப் பையை அவிழ்த்துவிட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தன் மாத்திரைதான் வேலை செய்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். வேர்தான் வேலை செய்கிறது என்று எங்களுக்குச் சந்தோஷம். அளவைக் குறைத்தார். அத்தாவின் குரல் திரும்பி வந்தது. தெருவில் பால்காரரைக் கூப்பிட்டு அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு அம்மா அடுப்படியில் அழுதாள்.

பிறகு பெட்டி காலியானது.

மருந்து முடிந்தால் பத்தியம் முறிக்க வேண்டும் இல்லையா? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஆட்டுக்கறிக் குழம்பு, கருவாட்டு வறுவல், எலுமிச்சங்காய் ஊறுகாய் என்று அம்மா விருந்தே வைத்தாள். அத்தா சோற்றில் கை வைத்துவிட்டு, "இப்பத்தான் மனுஷனா இருக்கேன்" என்றார். நானும் பரிமாறினேன். வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டக் கூட்ட அத்தா மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினார். ஒரு மத்தியானம் தண்ணீர்க் குவளை அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன். "விடு" என்று சொல்ல வந்தவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணி, வார்த்தை குழறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அவரே கையை மடக்கி நீட்டிக் காட்டினார். ஆனால் நான் பார்த்ததை மறக்க என்னால் முடியவில்லை. அடுத்த முறை சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

பினாங்குக்குச் சொல்லி அனுப்பினோம். கப்பல் போய், கடைக்காரர் கட்டிக் கொடுத்து, வருகிற சபுராளி யாராவது தூக்கிவர எத்தனை மாதம் ஆகுமோ? அதுவரை அத்தா இருக்க வேண்டுமே. பெட்டியின் மூலையில் கிடந்த வேர்த்தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பெரிய கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை கடையாய் ஏறி இறங்கினேன். ஒருத்தர் முகர்ந்து பார்த்தார், ஒருத்தர் மென்று பார்த்தார், ஒருத்தர் தும்மினார். யாருக்கும் தெரியவில்லை.

அப்போது டவுனில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். முழுகப் போகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு அவரிடம் போய் நின்றேன். காகிதத்தைப் பிரித்துக் காட்டி, "இது எங்க கிடைக்கும்? உங்க ஊர் மருந்துதானே?" என்றேன்.

அவர் நல்ல தமிழில், "பல்லு வலியா?" என்றார்.

"இல்லீங்க. எங்க அத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு."

அவர் சிரித்தார். "நான் பொறந்தது கல்கத்தாம்மா. சீனாவைப் பாத்ததே இல்ல. எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தா நானே இங்கிலீஷ் டாக்டர்கிட்டதான் போவேன்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பல் பிடுங்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்த ஒரு கிழவர், "பயப்படாத தாயி, ஊசி போட்டுத்தான் புடுங்குவாரு" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அங்கிருந்து நேராக ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வீட்டில்தான் இருப்பார். காவிரிப் பாலம் முழுக்க, அவர் என்ன வைதாலும் வாங்கிக்கொள்வது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவர் முன்னறையில் உட்காரவைத்தார். பெட்டி, வேர், மண்சட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவருக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ஒரு வண்டியை ரெண்டு பேர் ஓட்டினா மாடு எந்தப் பக்கம் போகும்? என் மாத்திரையும் சர்ப்பகந்தான்னு ஒரு வேர்லேர்ந்து வந்ததுதான். வேர் மேல எனக்குப் பகை இல்லை. எந்த வேர், எவ்வளவுன்னு தெரியணும். அதுதான் கேள்வி." காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது என்னன்னு எனக்குத் தெரியலை. தெரியாததைக் குடிக்கப்படாது."

நான் மாத்திரை படுத்தும் பாட்டையும், அத்தா அழுவதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அழறாரா? அதையும் சொல்லலையே நீங்க! அது மாத்திரையோட வேலையா இருக்கலாம். குறைச்சுப் பார்க்கலாம்." சற்று யோசித்தார். "சரி, அந்தக் கஷாயம் குடிச்ச நாள்ல ஆகாரம் என்ன?"

"பத்தியம்தாங்க. உப்பு, புளி, கருவாடு எதுவும் கிடையாது."

"உப்பே கிடையாதா?"

"ஒரு கல்லு கூடக் கிடையாது."

"கஷாயம் நின்னப்புறம்?"

பத்தியம் முறித்த விருந்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ரங்கா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்லி உங்காத்துல கேக்காததை அந்த வேர் சொல்லிக் கேட்டிருக்கேள். வேர் என்ன பண்ணித்தோ எனக்குத் தெரியாது. உப்பு நின்னுது, பிரஷர் இறங்கித்து. உப்பு வந்தது, ஏறித்து. போய் உப்பை நிறுத்துங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாதாரணமாகச் சொன்னேன், கத்திச் சொன்னேன், கும்பிட்டுச் சொன்னேன். "மருந்தே இல்லாம பத்தியமா? இழுத்துக்கிட்டுக் கெடந்து மவுத்தாப் போறவங்களுக்குக்கூட உப்புப் போட்டுத்தான் கஞ்சி காய்ச்சுவாங்க" என்றாள் அம்மா. அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டே, "இருக்கிறது கொஞ்ச நாளு, அதையும் நாக்கு செத்துக் கழிக்கணுமா?" என்றார். பெற்றவர்கள் இருவரும் என் கண்ணெதிரே ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். தட்டைப் பிடுங்கி எறியலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரைத் தேடிப் போனேன். "கெடுதல் பண்ணாத வேர் ஒண்ணு சொல்லுங்க. பினாங்குலேருந்து வந்துச்சுன்னு சொல்லிக் குடுக்கறேன்" என்றேன். "நான் டாக்டர்மா" என்றார். நான் நகரவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்து, "தண்ணீர்விட்டான் கிழங்கு, ரெண்டே துண்டு. பெருமாள் மன்னிப்பார்" என்றார்.

காய்ந்த கிழங்கு கடைவீதியில் கிடைத்தது. சிவப்புப் பழத்துக்கு எங்கே போவது? இலந்தைப் பழத்தைப் பள்ளிக்கூட மாடியில் காயவைத்தேன். அம்மா கண்ணில் பட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கிழிகிழியாக முடிந்து வாயைத் தைத்தேன். சபுராளி ஒருத்தர் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்தால் வீரியம் போய்விடுமாம் என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட கை அது. இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

"வாசனையே இல்லையே?" என்றாள் அம்மா. கடைக்காரர் மாறிவிட்டாராம் என்றேன். அவள் கிழியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினாள்.

பிரஷர் மெல்ல இறங்கியது. மாத்திரையைக் குறைத்தார்கள். அத்தா தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். முன்போலக் கசப்பு என்று கத்தாமல் பேசாமல் குடித்தார். "இப்ப கசக்கலையாங்க?" என்று அம்மா கேட்டதற்குப் பழகிவிட்டது என்றார். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். கிழி அவிழ்ந்துவிட்டால்? நிஜப் பொட்டலம் பினாங்கிலிருந்து வந்து இறங்கிவிட்டால்? வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுகூட மனசு மண்சட்டியில்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். அம்மா அடுப்படியில் மருந்து காய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உள்ளங்கையைத் திறந்து காட்டினார். அதில் ஒரு கொட்டை இருந்தது, உருண்டையாக.

"சீனாக்காரன் பழத்துக்குக் கொட்டை நீளமா, ரெண்டு பக்கமும் கூரா இருக்கும். பினாங்குல எத்தனை துப்பியிருப்பேன். நேத்து துணி கிழிஞ்சு இது வாயில வந்துச்சு. இது நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை இலந்தை."

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ருசியிலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்ப உறுதியாப் போச்சு. வேர் பொய்யின்னா பத்தியமும் பொய்தானே புள்ள? ஒரு கல்லு உப்பு கொண்டா. ஒண்ணே ஒண்ணு. நாக்குல வச்சுக்கறேன்."

"வேர்தான் பொய்யி அத்தா, உப்பு நிஜம்" என்றேன். அதற்கு மேல் டாக்டர் சொன்ன எதுவும் நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. "நீங்க வந்து இப்பத்தான் உங்களைப் பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன். லீவுக்கு வந்துட்டுப் போற மாதிரி போயிராதீங்க அத்தா."

அம்மா குவளையோடு வரும் சத்தம் கேட்டதும் அவர் கொட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏன் புள்ள அழுவுற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. மருந்து நல்லா வேலை செய்யுதேன்னு அழுவுது. ஊத்து" என்றார் அத்தா.

குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, பெட்டி வந்த நாட்களில் செய்ததைப் போலவே முகத்தைச் சுளித்து, தெருக்கோடி வரை கேட்கும்படி, "யா அல்லா, என்ன கசப்பு!" என்றார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கற்கண்டு எடுக்க ஓடினாள்.

காலையில் நான் குடித்துப் பார்த்திருந்தேன். அந்தத் தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது.